நிறுத்தி வாசிக்கும் இடங்கள்

எனக்கு வாசிக்க நன்றாக வரும். அப்பாவின் சாவைப் பற்றி நீங்கள் தந்த அறிக்கையை நான் வேகமாகப் புரட்டியதைப் பார்த்து, இந்தப் பெண் சரியாக வாசிக்கவில்லை என்று விசாரணைக் குழுத் தலைவர் நினைத்திருக்கலாம். வாசித்தேன். பன்னிரண்டு பக்கமும்.

சிறு வயதில் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது என் வேலை. சனிக்கிழமை அப்பா பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டுத் தருவார். கோடு வரும் இடத்தில் நிறுத்தி மூச்சு விட வேண்டும். போதகர் வீட்டுப் பெண் மூச்சிரைக்க வாசிக்கக் கூடாது என்பார். எனக்கென்று அவர் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதுவும் சபைக்காகத்தான் என்று பிறகு புரிந்தது.

அறிக்கை நன்றாக இருக்கிறது. ஒன்பது ஆலயங்கள் மட்டுமே உள்ள ஒரு சின்னத் திருச்சபை, வயதான ஒரு போதகரின் சாவுக்காக இவ்வளவு வருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் விதிப்படி, ஓய்வு பெறுகிறவர் முப்பது நாளில் போதகர் இல்லத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டு வருடம் தம் கடைசிச் சபைக்குள் கால் வைக்கக் கூடாது. சபையாரும் அவரைப் போய்ப் பார்க்கக் கூடாது. புதியவர் காலூன்ற வேண்டுமல்லவா. இந்த விதிதான் அப்பாவின் மனதை உடைத்தது என்கிறீர்கள். அதனால்தான் இரண்டு வருடம் முடிந்த பிறகும் அவர் யாரையும் பார்க்க மறுத்தார், கண் அறுவைசிகிச்சையை மறுத்தார், காலில் புண்ணோடு கிடந்தபோதும் உங்களை ஒதுக்கினார் என்கிறீர்கள். பத்தாம் பக்கத்தில் ‘நாமே அவரைக் கொன்றோம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே குடும்பத்தின் சார்பில் நான் கையெழுத்திட இடம் விட்டிருக்கிறீர்கள்.

என்னால் கையெழுத்திட முடியாது. அது உண்மையில்லை.

அப்பா தினமும் காலையில் சபையின் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் பேர் சொல்லி ஜெபிப்பார். கடைசியில் எங்கள் குடும்பம். அதற்குள் யாராவது மணியடித்துவிடுவார்கள். சாப்பாட்டில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். சோற்றில் கை வைத்திருப்பார், மணி அடிக்கும், எழுந்து போய்விடுவார். அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை விட்டபோது, அவர் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஜெபம் செய்துகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் பிழைத்துக்கொண்டார். என் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் சபையில் சாவு. மூன்றாவது முறை மாப்பிள்ளையே தள்ளிப்போய்விட்டார்.

குறையாகச் சொல்லவில்லை. வரிசையில் நான் எங்கே நின்றேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் விதியைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லமாட்டேன். என் வாழ்க்கையில் எனக்காக யாரோ யோசித்துச் செய்ததுபோல அது வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அப்பாவுக்குக் கண்புரை முற்றி, வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும்தான் தெரிந்தது. கையைப் பிடித்துத்தான் நடப்பார். என் நாற்பத்து நான்காவது வயதில், முதல்முறையாக, அவர் பாதியில் எழாமல் என்னோடு ஒரு சாப்பாட்டை முடித்தார்.

ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும், “இன்னும் நூத்தி நாப்பது நாள்மா” என்பார். மறுநாள், “நூத்தி முப்பத்தொம்பது.” சிறையில் இருப்பவர் எண்ணுவதுபோல. நான் காப்பியை ஆற்றிக் கையில் கொடுப்பேன். அவருக்கு அது கையில் இருக்கும் காப்பி, அவ்வளவுதான்.

எண்ணிய நாளும் வந்தது. ஒரு ஞாயிறு. குளித்து, வெள்ளை அங்கி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னார். ஆராதனை முடிந்ததும் நோயாளிகளின் வீட்டுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொண்டு போவது நம் வழக்கம். நாற்பது வருடம் அவர் கொண்டு போனார். இனி அவருக்கு வரும்.

வந்தது. புதிய போதகரும், எல்லோரும் நர்ஸக்கா என்று கூப்பிடும் அந்த ரிட்டயர்டு நர்ஸம்மாவும், திருவிருந்துப் பெட்டியோடு வந்தார்கள். நான் வெளிக் கதவிலேயே நின்றுகொண்டேன்.

“அப்பா தூங்குறார்.”

“பரவால்லக்கா, அடுத்த வாரம் வர்றோம்” என்றார் போதகர். நல்ல பையன்.

உள்ளே வந்தேன். “யாரும்மா?” என்றார் அப்பா.

“தண்ணி கேன் போடுறவர்.”

சாயங்காலம் வரைக்கும் அங்கியோடு உட்கார்ந்திருந்தார். துணியை நான்தான் மடித்து வைத்தேன்.

அடுத்த வாரமும் தூங்கினார். அதற்கடுத்த வாரமும். நர்ஸக்கா விடவில்லை. “என்ன பாப்பா, அவர் பிரசங்கத்துல நாங்க தூங்கினதுக்கெல்லாம் சேத்து வெச்சு இப்ப அவர் தூங்குறாராக்கும்?” நாற்பத்தாறு வயதிலும் சபைக்கு நான் பாப்பாதான். அன்றைக்குத்தான் சொன்னேன், அவருக்கு உங்கள் யாரையும் பார்க்க விருப்பமில்லை, மனசு விட்டுப்போச்சு என்று. போதகர் அங்கேயே நின்று அழுதார். அழைப்பு மணியிலிருந்து பேட்டரியைக் கழற்றினேன். பிறகும் கதவைத் தட்டினார்கள். ஒருநாள் அப்பா சொன்னார், “நாம ரொம்பத் தண்ணி குடிக்கிறோம் போலிருக்கேம்மா.” கடைசிவரை அவருக்கு வேடிக்கையாகப் பேச வரும்.

வாரத்தில் பாதி நாள் அங்கியைக் கேட்பார். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்பேன்.

இனிக் கடிதங்கள். நீங்கள் மூன்று அனுப்பினீர்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது, சரியாகவே இருக்கிறது. முதல் கடிதத்தில், கண் அறுவைசிகிச்சைக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது, அரை மணி நேர வேலை, மறுநாளே பார்வை வந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நான் அவருக்கு வாசித்தது வேறு. வயதானவர்களுக்கு இப்போது ஏதும் செய்வதற்கில்லை, ஜெபத்தில் நினைக்கிறோம் என்று வாசித்தேன். தலைப்பையும் தேதியையும் சேர்த்தே வாசித்தேன். கேட்டுவிட்டு, “சரி, அவங்களுக்கும் எவ்வளவோ வேலை இருக்கும்” என்றார். விருப்பமில்லை என்று உங்களுக்கு வந்த பதிலில் இருக்கும் கையெழுத்து அவருடையதுதான். விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். ஓட்டர் லிஸ்ட் பேப்பர் என்று சொன்னேன்.

பார்வை வந்தால் அவர் முதலில் யாரைப் பார்க்கப் போயிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது கடிதம் போதகர் ஓய்வில்லத்தில் ஓர் அறை தருவதாக. வராந்தாவில் ஏழு போதகர்கள், தினமும் ஆராதனை. அதை அடுப்பில் போட்டேன். அவருக்கு வாசிக்கவே இல்லை.

பிறகு கால். வலது கால் பெருவிரலில் புண். சர்க்கரை இருந்தது. நான் தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்டினேன். கட்டு சுத்தமாகத்தான் இருக்கும். நான் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் நர்ஸக்கா வந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அன்று நிஜமாகவே. கால், கட்டு அவிழ்ந்து, கட்டிலுக்கு வெளியே இருந்திருக்கிறது. மூன்றாவது கடிதம் அப்படித்தான் வந்தது. விரல் கறுத்துவிட்டது, இந்த வாரமே சேர்த்தாக வேண்டும், வியாழக்கிழமை பத்து மணிக்குக் கார் கொண்டு வருகிறோம், அவர் கோபம் எங்களோடு இருக்கட்டும். அதை வாழ்த்துக் கடிதமாக வாசித்தேன். நீளமான வாழ்த்து.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன். பழைய செருப்பை வாரில் வெட்டித் தளர்த்திப் போட்டுவிட்டேன். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல், அதிலேயே திரும்பினோம். மறுபடியும் ஒருமுறை. நடத்துநர், “என்னம்மா, சீசன் டிக்கெட்டா?” என்று கேட்டார். வெளியே தெரிவதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம். பள்ளிக்கூடம். ஒரு நாய் ஸ்கூட்டர் மேல் தூங்குகிறது. அப்பா சிரித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து போன ஒரே பயணம் அது. திரும்பி வந்தபோது கதவில் ஒரு சீட்டு செருகியிருந்தது. பதினோரு நாளில் இறந்துவிட்டார்.

அடக்கத்துக்கு நீங்கள் வந்தீர்கள். ஒன்பது சபைகளிலிருந்தும் வந்தீர்கள். நெருங்கிப் பெட்டியைத் தொட எனக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அவர் உங்களுக்காக வாழ்ந்தார், அதை விட்டுவிடுகிறேன். இப்போது உங்களால்தான் இறந்தார் என்றும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதையும் உங்கள் பேரிலேயே எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அது என்னுடையது. செய்தது நான். பத்தாம் பக்கத்தை அடித்துவிட்டு என் பேரைப் போடுங்கள், கையெழுத்திடுகிறேன்.

அவருக்குத் தெரியுமா என்று தலைவர் கேட்கிறார்.

கடைசி நாள் காலையில் கடுமையான காய்ச்சல். என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, “சபையிலேர்ந்து வந்திருக்கீங்களா?” என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றேன்.

“உக்காருங்க. என் பொண்ணு வெளிய போயிருக்கா. நல்லா வாசிப்பா. தாள்ல இருக்கிறத வாசிச்சா அங்கங்க நிறுத்துவா. சின்ன வயசுப் பழக்கம். இல்லாதத வாசிக்கிறப்ப எங்கயும் நிறுத்த மாட்டா. மூச்சு விடாம ஓடுவா. பாவம், களைச்சுப்போயிடுவா.” என் கையை மறுபடி தடவினார். “அவளத் திட்டாதீங்க. சாப்பாட்டுல பாதியிலயே எந்திரிச்சுப் போனவன் நான். இந்தத் தடவயாவது முழுசா உக்காந்து முடிப்போம்னு இருந்துட்டேன்.”

காய்ச்சலில் மனிதர்கள் ஏதேதோ பேசுவார்கள். அதை அறிக்கையில் சேர்க்கத் தேவையில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் இங்கே கொடுங்கள். நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.