பூ கேட்க வந்தவர்கள்

சென்னிமலை முருகன் கோயிலில் தரிசன வரிசை நகர்வதாக இல்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் தங்கையிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூவேதான் வெச்சிருக்கறேன்."

சாமியிடம் பூ கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளை, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சன்னதியில் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். எனக்குத் தெரிந்து இப்படியொரு திருத்தம் எந்த விதியிலும் இல்லை.

"ஏனுங்க்கா, சாமிகிட்டயே ஏமாத்து வேலையா?"

"சாமிக்குத் தெரியாதா? உன்ற மச்சானத்தான் ஏமாத்தறேன். பையன் தவறி மூணு வருசமாச்சு. மருமகளுக்கு மறுக்கா கல்யாணம் பண்ணிப்போடலாம்னா, சாமி பூக் குடுத்தாப் பாக்கலாம்ங்கறாரு. இருவத்தேழு வயசுப் புள்ள. செவப்பு வந்துபோட்டா அவ கதி?"

அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போயிருந்த கணவர், சீட்டும் செல்போனுமாக வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ள ஊட்டுக்குப் போன் போட்டுப் பேசிப்போட்டேன். வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வாரோம்ங்கறாங்க."

"ஏனுங்க, பூக் கேக்கறதுக்கு முன்னாடியேங்களா?"

"கேக்கத்தான வந்திருக்கறோம்? செவப்பு வந்தா, வெள்ள வர்ற வரைக்கும் கேட்டுப்போட்டுத்தான் மலையெறங்கறது."

தங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"செவப்பெல்லாம் வராதுங்க," என்றார் அம்மாள். "நீங்க தைரியமா எடுங்க."