சம்பந்தியம்மா பக்கத்துல நின்னாங்க

கொஞ்சம் உக்காருங்க நர்ஸ் மிஸ்ஸி. என் மவன் ஹேமநாதன் இப்பதான் கண்ணசந்தான். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவீங்களாமே? சந்தோசந்தான், இல்லங்கல. ஆனா பொழச்சு வந்த புள்ள, மறுபடி ஏதாச்சும் பண்ணிக்கிட்டான்னா?

ஐயோ, நான் ஒரு வார்த்த திட்டல லா! நீலாய்ல கிலாங் வேல, அந்தப் பேக்டரி வேல, போனதுலேர்ந்து ஆளு ஒரு மாதிரி. தூக்கமில்ல, பேச்சில்ல. எங்க லாபு ஊருக் கோயில்ல உறுமி அடிக்கிற புள்ள. அத யாரயும் தொடவே விடமாட்டான். போன வாரம் தூக்கிக் கூட்டாளிகிட்ட சும்மா குடுத்துட்டு வந்து நிக்கிறான். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அப்பாடா, சனியன் ஒழிஞ்சுது, இனிமேலாச்சும் ஒழுங்கா வேல தேடுவான்னு. எனக்கு அறிவிருக்கா பாருங்க.

ஆமா, ரோகினி என் மவதான். வர்ற தையில அவளுக்குக் கல்யாணம். நேத்து ஆரஞ்சுப் பழத்தோட வந்தாங்களே, அவங்க மாப்பிள்ளையோட அம்மா. நல்லவங்கதான். ஒரு புள்ளைக்கு ஏதோ கெட்ட நேரம், இது குடும்பத்துலயே இருந்தாதான் சம்பந்தம் பண்ண யோசிக்கணும்னு அப்பதான் சொல்லி வாய மூடுனாங்க. டாக்டரு வந்துட்டாரு. வீட்டுல முன்னாடி யாரும் இப்படிப் பண்ணிக்கிட்டாங்களான்னு மலாய்ல கேக்குறாரு. யாருக்குப் புரியாது? சம்பந்தியம்மா என் மூஞ்சியவே பாக்குறாங்க. இல்ல டாக்டர், யாருமே இல்லன்னு பட்டுன்னு சொல்லிட்டேன். புள்ள கட்டில்ல கெடக்குறான், நான் கல்யாணத்த நெனச்சேன். வெக்கமா இருக்கு மிஸ்ஸி.

தண்ணியெல்லாம் வேணாம். அழல லா.

அவன் அப்பா நெஞ்சுவலில போனாருன்னுதான் எஸ்டேட் முழுக்கச் சொன்னோம். வேல வாங்குற மண்டோரே அப்படித்தான் சொல்லச் சொன்னாரு. சனங்க நம்பணுமேன்னு பூப்பல்லாக்கு கட்டி, உறுமி மேளம் வச்சு, அமர்க்களமா எடுத்தோம். இவனுக்கு அப்ப வெவரம் பத்தாது, மேளக்காரங்க பின்னாலயே ஓடுனான். அன்னைக்குத்தான் அவனுக்கு அந்த உறுமி மேல ஆச வந்துச்சு. அப்பாவுக்கு எப்படி மேளம் அடிச்சாங்கன்னு இன்னிக்கும் பெருமையாச் சொல்லுவான்.

டாக்டர வரச் சொல்லுங்க மிஸ்ஸி. அந்தக் கேள்விய மறுபடி கேக்கட்டும். சம்பந்தியம்மா நின்னாலும் நிக்கட்டும்.

அவருக்கு நெஞ்சுவலியே வந்ததில்ல.