அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு விளையாட உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம்தான் வரும். அதற்காகத்தான் கதையைக் கொஞ்சம் முறுக்கேற்றினேன் என்று கேட்டவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தேனாம்பேட்டையில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் ஸ்டோரிபோர்டு வரைகிறேன். காட்சிகளைக் கட்டம் கட்டமாக முன்கூட்டியே வரைந்து கொடுக்கும் வேலை. விடுமுறையில் கோட்டூர்புரம் வீட்டில், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டை நடத்துவேன். ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் என்றால் நடக்காது. முக்கியமான நேரத்தில் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் நானே உருட்டி, விழுந்த எண்ணைச் சொல்வேன். நம்புவார்கள்.

பாத்திரம் எதற்கு அதிகம் பயப்படுகிறதோ அதற்கு எதிரே கொண்டுபோய் நிறுத்து என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எங்களோடு ஆட வரும் ஜொவிட்டாவின் பயம் எனக்குத் தெரியும். பள்ளி ஆசிரியை. ஒருநாள் வகுப்பில் இருந்ததால் அப்பாவின் மூன்று அழைப்புகளை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனபோது அவர் உயிரோடு இல்லை. இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

ஆட்டத்தில் அவளுக்கு ஒரு வயதான தந்தையை வைத்தேன். எரியும் கோட்டைக்குள்ளிருந்து அவரை மூன்று முறை மணியடிக்க வைத்தேன். மூன்றாவது மணிக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகிறேன் என்றாள். முகத்தில் அத்தனை ஆசை. பகடையை உருட்டினேன்.

"ரெண்டு," என்றேன்.

"இந்த வாட்டியும் லேட்டாப் போய்ட்டேன், ஆஸ்டின்," என்றாள்.

"விடு ஜோ, கேம்தானே," என்றான் பக்கத்திலிருந்த ஜைத். அவள் அழுதாள். அழுதால் பாரம் இறங்கும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வகுப்பில்கூட போனைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை, தலைமை ஆசிரியை இரண்டு முறை கண்டித்துவிட்டார் என்று ஜைத் சொன்னான். கேட்டதிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது.

பகடையில் விழுந்தது பத்தொன்பது. அந்தத் தந்தை பிழைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் சாகும் காட்சியை முந்தின நாளே வரைந்து முடித்திருந்தேன். நன்றாக வந்திருந்தது.

நாளை திருவான்மியூருக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். எப்படிச் சொல்வது என்று ஆறு கட்டங்களாக வரைந்தும் பார்த்துவிட்டேன். ஆறாவதில் அவள் என்னை மன்னித்துவிடுகிறாள்.