பதினொன்றாவது பெயர்

அதையேதான் மேடம் நானும் சொல்ல வந்தேன், ஜூன் மாதத்துப் பட்டியலை ஒருத்தரும் மதிப்பதில்லை. வெயிலில் பொழுது போகாமல் எதையோ கிறுக்கியிருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். ஆகஸ்டில் யார் வேண்டுமானாலும் பட்டியல் போடலாம். அதற்குள் பயிற்சி முகாம் பாதி முடிந்திருக்கும், யாருக்குத் தொடையில் பிடிப்பு, யாருக்குக் கோச்சோடு மனஸ்தாபம் எல்லாம் வெளியே வந்துவிடும். அதைப் பார்த்து எழுதுவது பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது மாதிரி. ஜூனில் சொல்ல வேண்டும். அதுதான் கணிப்பு.

உங்கள் வீட்டுக்காரரும் ஃபேன்டசி லீக் ஆடுகிறார் என்றீர்கள், ஆகவே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரசாங்கம் எனக்காக அனுப்பியிருக்கும் இந்த வக்கீல் சார்தான் பாவம், நம் அமெரிக்க ஃபுட்பால் பக்கமே போகமாட்டாராம். விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்து, எப்படிச் சமாளித்தாரோ. அவருக்காக ஒரே நிமிடம். சார், நாங்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு கற்பனை அணி. ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்ட். நிஜ வீரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வோம். அந்த வீரன் ஞாயிற்றுக்கிழமை எத்தனை கெஜம் ஓடுகிறான், எத்தனை தடவை எல்லைக்கோட்டைத் தாண்டுகிறான் என்பதைப் பொறுத்து நமக்குப் புள்ளி. முதல் சுற்றில் பன்னிரண்டு பேரைத்தான் எடுக்க முடியும். சீசனின் தலைசிறந்த பன்னிரண்டு பேர் யார் என்று முன்கூட்டியே சொல்பவன்தான் எங்கள் உலகத்தில் அறிவாளி. போதுமா சார்? மேஜையைத் தட்டாதீர்கள், நான் நிறுத்தப்போவதில்லை.

என் ஜூன் பட்டியலில் பதினொன்றாவதாக கீனன் மேப்ரியை வைத்தேன். எங்கள் ஊர் அணிப் பையன். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடினால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போவான். மற்ற நிபுணர்கள் எல்லாம் அவனை ஐந்தாவது சுற்றில் வைத்திருந்தார்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான், டெஸ்மண்ட் பெல்ஃபோர்ட். அதே அணி, அதே வேலை, வயதில் மூத்தவர். மேப்ரி மைதானம் முழுக்க ஓடி எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பான். உடனே கோச் அவனை வெளியே கூப்பிட்டு பெல்ஃபோர்ட்டை இறக்குவார். கடைசி இரண்டு கெஜத்தை பெல்ஃபோர்ட் முட்டித் தள்ளி முடிப்பார். புள்ளி முழுக்க அவருக்கு. சமைத்தவன் ஒருத்தன், சாப்பிடுபவர் இன்னொருத்தர்.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு ஜூன் பட்டியல் எழுதி, எங்களில் ஒருத்தனான ஓட்டோவின் அப்பா நடத்தும் பாரில் சுவரில் ஒட்ட வேண்டும். ஜனவரி வரை எடுக்கக் கூடாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் மார்க்கரில் எதையாவது எழுதிவிட்டுப் போவார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் என் தாளில் எழுத்தே தெரியாத அளவுக்குத் திட்டியிருந்தார்கள். நான் டிஷ்யூ பேப்பர் மில்லில் வேலை செய்கிறேன் என்பதால், 'கர்ட், இந்தத் தாளையும் உங்க மில்லுக்கே அனுப்பிடு' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். நல்ல ஜோக்தான். நானே சிரித்தேன்.

பட்டியல் ஒட்டிய அன்று அடுப்பில் பிராட்வர்ஸ்ட் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம். ஓட்டோ என் தாளைப் படித்துவிட்டு இடுக்கியோடு ஓடிவந்தான்.

"டேய் கர்ட், மேப்ரியையா முதல் ரவுண்டுல வெச்சிருக்க? அதுக்கு உங்க அம்மாவ வெச்சிருக்கலாமேடா. பஃபேல பிளேட்டோட அவங்க ஓடுறத நான் பார்த்திருக்கேன்."

"எழுதி வெச்சுக்கோ. டிசம்பர்ல என் கால்ல விழுவ."

"விழுறேன்டா, விழுறேன். பெல்ஃபோர்ட்னு ஒருத்தர் இருக்காரே, அவர எங்க ஒளிச்சு வைக்கப்போற?"

மாய் ஷியோங் கூலரிலிருந்து பீர் எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் லீக்கில் மூன்று தடவை ஜெயித்தவள், அலட்டிக்கொள்ளவே மாட்டாள். "கணக்கு ரொம்ப சிம்பிள்டா. பெல்ஃபோர்ட்டுக்குக் கால் போனா உன் லிஸ்ட் பலிக்கும். இல்லேன்னா இந்த வருஷமும் சுவத்துல நாறும்" என்றாள்.

அவளை நான் குறை சொல்லமாட்டேன் மேடம். விளையாட்டாகச் சொன்னாள். தயவுசெய்து அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். ஆனால் அவள் சொன்ன கணக்கில் பிழை இல்லை. நான் அதைப் பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேப்ரி தயார், அவனுக்கு வழி திறந்துவிடும் எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் அருமை, போட்டி அட்டவணை சாதகம். எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிஜம் என் கணிப்போடு ஒத்துவரவில்லை.

மில்வாக்கி வெண்டல் விஷயமும் அப்போதுதான் வந்தது. வாரம் மூன்று தடவை பாட்காஸ்டில் ஃபேன்டசி பேசுகிறாரே, அவர்தான். பார் சுவரிலிருந்து யாரோ படம் எடுத்து அனுப்பிய என் பட்டியலைப் படித்து ஸ்டுடியோவே சிரித்தது. கடைசியில் சொன்னார்: "தம்பி கர்ட், மேப்ரி மட்டும் முதல் பன்னிரண்டுல முடிச்சான்னா, மில்லுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு இங்க வந்துடு. என் பக்கத்து நாற்காலி உனக்குத்தான்." கேலிக்குச் சொன்னார். நானோ அவருக்கு மெயில் போட்டு அதை உறுதிப்படுத்திக்கொண்டேன். ராத்திரியும் பகலும் டாய்லெட் பேப்பர் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, சைக்கிள். அதைத்தானே கேட்டீர்கள்.

ஜூலை கடைசியில் முகாம் ஆரம்பித்ததும், ஸ்டேடியம் வாசலில் பிள்ளைகள் சைக்கிளோடு வரிசையில் நிற்பார்கள். வீரர்கள் உடைமாற்றி வெளியே வந்து, ஆளுக்கொரு சைக்கிளை வாங்கிப் பயிற்சி மைதானம்வரை ஓட்டிக்கொண்டு போவார்கள். சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பிள்ளை ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு பக்கத்தில் ஓடும். ராட்சச ஆள்கள், குட்டி சைக்கிள்கள், முழங்கால் காதைத் தொடும். எங்கள் ஊரில் அதைவிடச் சந்தோஷமான காட்சி கிடையாது.

அந்த வரிசையில் என் அக்கா மகள் ஹேஸலை முந்தின வருடமே பெல்ஃபோர்ட் தேர்ந்தெடுத்துவிட்டார். ஊதா நிற சைக்கிள், கைப்பிடியில் ரிப்பன். அவளை அவர் கேப்டன் என்பார். தினமும் வேறு யாரையும் பார்க்காமல் நேராக அவளிடம்தான் வருவார். அக்கா ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட், ஆகவே ஹேஸலை அழைத்துப்போவது நான். சைக்கிளுக்கு எண்ணெய் போடுவது, காற்றடிப்பது, பெல்ஃபோர்ட்டுக்குத் தோதாக சீட்டை உயர்த்துவது எல்லாம் நான்தான்.

"என்ன மெக்கானிக் சார், இன்னிக்கு என் எடையத் தாங்குமா?" என்று என்னிடம் கேட்பார்.

"நீங்க சாப்பாட்டக் குறைச்சா தாங்கும்" என்பாள் ஹேஸல்.

"பார்த்தியா, கோச்சும் இதையேதான் சொல்றாரு. கேப்டன், நீயுமா?"

நல்ல மனிதர் மேடம். எனக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் இந்த அணியில் இல்லாமல் வேறெங்காவது ஆடிக்கொண்டிருந்தால், அவருடைய ஜெர்சியையே வாங்கிப் போட்டிருப்பேன்.

நான் கண்மூடித்தனமாக எதையும் செய்பவன் இல்லை. கணுக்கால் சுளுக்கினால் போதும் என்று நினைத்தேன். சில வாரங்கள். அதற்குள் மேப்ரி இடத்தைப் பிடித்துவிடுவான், பிறகு அவர் திரும்பி வந்தாலும் கோச் மாற்றமாட்டார். ஹேஸலின் பாதுகாப்பையும் யோசித்தேன். அவள் அன்று சைக்கிளில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, வீட்டிலிருந்தே அதை என் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். ஸ்டேடியம் பார்க்கிங்கில் அவளை எலுமிச்சை ஜூஸ் வாங்க அனுப்பிவிட்டு, முன்சக்கரத்தின் நட்டைத் தளர்த்தினேன். கழற்றவில்லை. தளர்த்தினேன். அவள் திரும்பி வந்தபோது எனக்கும் ஒரு ஜூஸ் வாங்கி வந்திருந்தாள்.

அன்று பார்த்து வாசலில் ஒரு சின்னப் பையன், கையில் மாவுக்கட்டோடு, அழுதுகொண்டு நின்றான். பெல்ஃபோர்ட் அவன் முன்னால் குனிந்து பேச ஆரம்பித்துவிட்டார். ஹேஸலுக்கு முகம் சின்னதாகிவிட்டது. "பரவால்ல மாமா, அவன் பாவம்" என்றாள். அந்தக் குழந்தைக்கு அவ்வளவு பெரிய மனசு. அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அன்று விட்டால் மறுநாளும் அதே வேலைதான். "பெல், உங்க கேப்டன் இங்க காத்திருக்கா" என்று நான்தான் கத்தினேன். அவர் அந்தப் பையனை மேப்ரியிடம் ஒப்படைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

சாலையைத் தாண்டியதும் ஒரு சரிவு இருக்கிறதே, அங்கேதான் சக்கரம் கழன்றது. கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால்தான். அந்தப் பெரிய உடம்பு முழுக்க ஒரே காலின்மேல் திரும்பி விழுந்தது. ஹேஸல் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை நான் முதலில் பார்த்துக்கொண்டேன்.

பெல்ஃபோர்ட் இனி ஆட முடியாது என்றார்கள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாராம். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்தான். ஆனால் அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது மேடம், அந்த வேலையில் அது கிழட்டு வயது.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் ஹேஸல் கேட்டாள்.

"மாமா, காலைல நான் சைக்கிளக் கீழ போட்டேன். அதனாலயா சக்கரம் கழண்டுச்சு?"

நான் கொஞ்சம் யோசித்தேன். கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் இருந்தால் அவள் வேறு எதையாவது கேட்பாள்.

"நடந்தது நடந்துபோச்சு செல்லம். இனிமே கவனமா வெச்சுக்கோ, சரியா?"

அவ்வளவுதான் சொன்னேன். பொய் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. போட்டுப் பாருங்கள், எந்த லை டிடெக்டரும் சத்தம் போடாது.

பெல்ஃபோர்ட் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு வீடியோ கால் பண்ணினார். "கேப்டன், அழாத. உன் மேல எனக்குக் கோவமே இல்ல" என்றார். கோபம் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரி எழுந்துபோய் கராஜில் சைக்கிள் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். அக்கா டாக்டரிடமெல்லாம் கூட்டிப்போனாள். நான் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், மேப்ரியின் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகள், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். நேற்று தானாகவே நடந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, "என்னப் பிடிச்சு உள்ள போடுங்க" என்று அழுதாள் என்கிறீர்கள். இந்தப் பனியில் அவ்வளவு தூரம். அதனால்தானே சைக்கிளை வாங்கிப் பார்த்தீர்கள், அதை யார் கவனித்துக்கொள்வது என்று கேட்டீர்கள்.

ஆனால் அவளுக்காக நான் இதையெல்லாம் சொல்வதாக நினைக்காதீர்கள். அவள் சொல்லியிருக்காவிட்டாலும் இந்த வாரம் நானே எங்காவது சொல்லியிருப்பேன். ஏனென்றால் சீசன் முடிந்து, மேப்ரி எத்தனையாவதாக வந்தான் தெரியுமா? ஆறாவது. நாட்டிலேயே ஆறாவது. நான் வெண்டலுக்கு மெயில் போட்டேன். பாட்காஸ்டில் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, பெல்ஃபோர்ட்டுக்கு அடிபட்டுச்சு, உனக்கு லாட்டரி அடிச்சுது. இதுக்குப் பேரு கணிப்பு இல்லப்பா, குருட்டு அதிர்ஷ்டம். நாற்காலி காலியாதான் இருக்கு, ஆனா உனக்கு இல்ல." ஓட்டோவும் அதையேதான் பாரில் சொல்லிக்கொண்டு திரிகிறான். என் தாளின் குறுக்கே 'அதிர்ஷ்டம்' என்று பெரிதாக எழுதியும் வைத்துவிட்டான்.

வக்கீல் சார், கையைப் பிடிக்காதீர்கள். முடித்துவிடுகிறேன்.

என்மேல் ஒரு தவறு உண்டு மேடம், ஒப்புக்கொள்கிறேன். ஆறாவதாக முடிப்பவனைப் பதினொன்றில் வைத்துவிட்டேன். கொஞ்சம் பயந்துவிட்டேன். அதைத் தவிர மற்றதெல்லாம் நான் ஜூனிலேயே சொன்னபடி நடந்தது. நட்டைத் தளர்த்தியது நான். அவரைக் கூப்பிட்டது நான். ஹேஸலிடம் அந்தப் பதிலைச் சொன்னதும் நான். ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது, எதுவும் தானாக நடந்ததில்லை. நீங்களும் ஃபுட்பால் பார்க்கிறவர், நியாயம் தெரிந்தவர். நீங்களே சொல்லுங்கள் மேடம், இதைப் போய் யாராவது அதிர்ஷ்டம் என்பார்களா?