ஹீலியம் நுழையாத ஒட்டு

வாலாஜாபாத் தாண்டியதும் தூங்கலாம் என்றிருந்தேன். முன் சீட்டு தம்பியும் அக்காவும் விடவில்லை.

"என் ஒட்டுல காத்துகூட நுழைய முடியலக்கா." அவன் கையெல்லாம் தீப்பொறித் தழும்பு.

"இன்னா காத்து?"

"ஹீலியம்னு ஒரு கேஸ். தண்ணி கசியாத எடத்துலகூட பூந்துடும். நான் வெல்டிங் வெச்ச டேங்க்ல இருந்த காத்தெல்லாம் உறிஞ்சிட்டு, வெளியே ஒட்டு மேல அந்த கேஸை அடிச்சாங்க. துளி உள்ள போனாலும் மெஷின் முள்ளு ஆடும்."

"ஐயோ, பத்திக்காதா?"

"எரியவே எரியாது. ஃபோர்மேன் மூணு வாட்டி அடிச்சாரு. முள்ளு அசையலக்கா!"

அக்கா அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். "அப்போ தறியில சாம்பல் தொட்டு, பழைய பாவு நூலோட புதுப் பாவு இழையை முறுக்கச் சொன்னா, நீ முறுக்கினது அறுந்துக்கினே இருக்கும். 'இவன் கையில ஒட்டு நிக்காது, தறியாண்ட வராதே'ன்னாரே அப்பா!"

"ஆமா."

காஞ்சிபுரத்தில் பஸ் நிற்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"நடடா. சம்பந்தி வந்தாகூட தறியை விட்டு எழுந்திருக்காத மனுஷன் அப்பா. இன்னிக்கு நிறுத்திட்டுக் கேக்கட்டும். நீ வாயே தொறக்காதே, நான் சொல்றேன்!"