அரளி வேலியில் ஒரு பலகை

அதியமான்கோட்டைப் பொதுமக்களுக்கும், சாலையில் போவோர் வருவோருக்கும், முக்கியமாக இன்ஸ்பெக்டர் அய்யாவுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: இந்த வருஷம் எங்கள் வூட்டு அரளி நன்றாகப் பூத்திருக்கிறது.

சிவப்பும் வெள்ளையுமாக வேலியோரம் வைத்திருக்கிறேன். ஆடு வாய் வைக்காது. ஆடு விவரமான பிராணி. மனுஷனுக்குத்தான் பலகை வேண்டியிருக்கிறது. கிளை கழிக்கும்போது கையுறை போடுவேன். பால் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவேன். கழித்ததை எரிக்க மாட்டேன், அந்தப் புகையும் ஆகாது, புதைத்துவிடுவேன். மண்டையோடு வரைந்து ‘விஷச்செடி, தொடாதீர்’ என்று என் கையாலேயே எழுதி வேலியில் மாட்டினேன். என்னைப் போல ஜாக்கிரதையான ஆள் இந்தத் தெருவில் கிடையாது. விசாரித்துப் பாருங்கள்.

பக்கத்து வூட்டு மாதவராஜ் ‘பசுமைச் செம்மல்’. பட்டத்தை அவரே சொல்லிவைத்து வாங்கிக்கொண்டார். ஊரெல்லாம் மரம் நடுவார். அவர் வாசல் முழுக்கச் சிமெண்டுத் தளம். காலையில் நடக்கப் போகும்போது என் வேப்பமரத்தடியில் நின்று, “பூபதிண்ணா, பல்லு வெளக்க ஒரு குச்சி ஒடிச்சுக் குடுங்க” என்பார். பாரம்பரியமாம். அதை மென்றபடியே போனில் வீடியோ வேறு.

தெருச் சங்கக் கூட்டத்தில் என் பலகையைப் பற்றிப் பேச்சு வந்தது. “செடியில ஏதுங்க வெசம்? வெசமெல்லாம் மனுசன் மனசுலதாங்க இருக்குது” என்றார் மாதவராஜ், மைக்கைப் பிடித்து. எல்லோரும் கை தட்டினார்கள். என் சம்சாரம் கோகிலாவும் தட்டினாள். மறுநாள் என் பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அதே ஆணியில் அவர் படம் போட்ட ‘இயற்கையை நேசிப்போம்’ அட்டை தொங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அந்தப் பூவைப் பறிக்கிறார்கள். ஒரு பிள்ளை வாயில் வைத்தால் யார் பொறுப்பு? மாதவராஜிடமே போய்ச் சொன்னேன். “ஒண்ணும் ஆவாதுங்கண்ணா, பயந்தே சாவாதீங்க” என்று தோளைத் தட்டினார்.

அடுத்த நாளும் குச்சி கேட்டார். வேம்பு கைக்கு எட்டவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், எட்டியது. அரளியை ஒடித்தேன். கையுறை போட்டுத்தான். “கசப்புதாங்க ஒடம்புக்கு மருந்து” என்று போனைப் பார்த்துப் பேசியபடி மென்றுகொண்டே போனார். மத்தியானம் ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். செடியில் விஷமில்லை என்று மைக் பிடித்துச் சொன்னவர் அவர். அவர் கொள்கைக்கு நான் மரியாதை செய்தேன். வேம்புக்கும் அரளிக்கும் வித்தியாசம் தெரியாமலா பசுமைச் செம்மல் ஆனார்? தெரிந்துதான் வாயில் வைத்திருப்பார், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இப்போது பலகை பழைய ஆணிக்கே வந்துவிட்டது. உங்கள் ஆட்களே மாட்டினார்கள். பிள்ளைகள் கிட்டத்தில் வருவதில்லை. ஊருக்கு நல்லதுதானே நடந்திருக்கிறது.

ஒன்று விட்டுப்போயிற்று. குச்சியை வாங்கும்போது, “வேம்புதானுங்களே அண்ணா?” என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன்.