கொழுப்பு குறைஞ்சிருக்கா, சிஸ்டர்?

சேச்சே, ஊசிக்கெல்லாம் பயப்படற ஆளா நானு? டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்கறேன் சிஸ்டர். தினம் ஒரு புது ஆளு ஸ்டியரிங்கப் புடிச்சு நேரா லாரி மேல விடுவாங்க, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். இந்த ஊசி என்ன பண்ணிடும்? குத்துங்க. பயமெல்லாம் ரிசல்ட்டு மேலதான்.

ஏன் ஒரு மாதிரி பாக்கறீங்க? போன தடவ எடுத்த ரிப்போர்ட்டா? ஆமா, என் ரத்தந்தான். டாக்டரே அதப் பாத்துட்டு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு. ட்ரைகிளிசரைடு எகிறிக் கெடக்கு, யூரிக் ஆசிட் ஏறிக் கெடக்கு, லிவர் டெஸ்டுல ஜிஜிடின்னு ஒண்ணு, அதப் பத்திப் பேசவே வேணாம்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். சார், வெறும் பீர்தான், பார்லிக் கஞ்சி மாதிரின்னுட்டேன். எனக்கு எதிரி வெளிய இல்ல, வாயிலயே இருக்கான். அந்த மனுஷன் கோவிச்சுக்கல. ஒரு காகிதத்த எடுத்துப் படம் போட ஆரம்பிச்சுட்டாரு.

அதாவது, லிவருக்குச் சரக்குன்னா விஷமாம். உள்ள வந்துட்டா, கையில இருக்கற வேலையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுட்டு அத ஒழிக்க ஓடுமாம். சர்க்கரைய அளவாப் பாத்துக்கற வேலை நின்னுடுது, கொழுப்ப எரிக்கற வேலையும் நின்னுடுது. எரியாத கொழுப்பு எங்க போகும்? பாதி லிவருக்குள்ளயே குடித்தனம் வெச்சுடுது, மீதி ரத்தத்துல ஊர்வலம் போகுது. ஸ்கேன்ல பாத்தா என் லிவரு வெண்ணெக்கட்டி மாதிரி இருக்கு. உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான நாள்லேர்ந்து என் பொண்டாட்டி சொல்லிட்டுத்தான் இருக்கா. மெஷின் இல்லாமலே கண்டுபுடிச்சிருக்கா பாருங்க.

இல்லையில்ல, விட்டாச்சு சிஸ்டர். சத்தியமா. டாக்டர் மேற்பார்வையிலதான் விட்டேன். வாக்கிங்கூடப் போறேன். கூட்டாளிங்கதான் நம்ப மாட்டேங்கறானுங்க. எனக்கு என்னமோ பெரிய வியாதின்னு துக்கம் விசாரிக்க வந்தானுங்க, கையில பாட்டிலோட. ஆளுக்கொரு வைத்தியம் வேற. தண்ணி கலக்காம அடிச்சா லிவருக்குப் பாரமில்லங்கறான் ஒருத்தன். எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடிச்சா, குடிச்சதெல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடுமாம், இது இன்னொருத்தன். எங்க சகலை படிச்சவரு. அவரு அப்படியெல்லாம் உளற மாட்டாரு. ஒயினுக்கு மாறிடுங்கன்னாரு.

ஆபரேஷன் எனக்குத்தானான்னா? எனக்கும்தான். ஆனா பேஷண்ட் நான் இல்ல. எல்லாருக்கும் இந்தக் குழப்பந்தான். பாக்க வர்ற சொந்தக்காரங்க பழத்த நேரா என் கையில திணிச்சு, இனிமேலாவது உடம்பப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிடறாங்க. பேஷண்ட் இங்கயே மாடி வார்டுல படுத்திருக்கா. என் பொண்டாட்டிதான். ஒரு சொட்டு தொட்டவ இல்ல. நான் குடிச்ச டம்ளரக்கூடத் தனியாத் தேச்சு, தனியாக் கவுத்து வெக்கறவ. அவ உடம்பே அவ லிவர எதிரின்னு நெனச்சு அரிச்சுடுச்சாம். என்ன நியாயமோ.

லிவர் குடுக்கலாம்னா, அவ தம்பிக்கு ரத்த குரூப்பு சேரல. அக்காவுக்குச் சேந்துது, ஆனா சுகரு. கடைசியில சேந்தது எனக்குத்தான். கொழுப்பு கரைஞ்சாத்தான் லிவர்ல ஒரு துண்ட வெட்டி எடுப்போம், இல்லன்னா கை வெக்க மாட்டோம்னு கறாராச் சொல்லிட்டாங்க. அதனாலதான் இந்த ஓட்டம்.

நேத்துதான் அவகிட்டச் சொன்னேன், என்னோடதுதான் உனக்கு வெக்கப்போறாங்கன்னு. மேல சுத்தற ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தா. எனக்குன்னா அழுதுடுவாளோன்னு பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பி, ஊர்ல வேற நல்ல லிவரே கெடைக்கலையான்னு கேட்டா.

சிரிச்சா சிஸ்டர். எத்தன மாசம் கழிச்சு.

பஞ்ச நானே அழுத்திக்கறேன், நீங்க போயி அத மெஷின்ல வைங்க.